மீட்டர் முள் இறங்கியபோது

ஏற்காட்டிலிருந்து இறங்கும் குப்பனூர் சாலையில் சில வளைவுகள் இறங்கிய பிறகுதான் என் காலில் செருப்பு இல்லை என்பது தெரிந்தது. வேலை செய்த கடையில் கழற்றிப் போட்டது அங்கேயே கிடந்தது. துப்பாக்கிக்குக் காற்று அடிக்கும்போது வெறுங்காலோடு நின்றால்தான் பம்பின் அடிக்கட்டையை அழுத்தி மிதிக்க முடியும். செருப்புக்காகத் திரும்பி ஏற மனம் வரவில்லை. கீழிருந்து வந்த கார்கள் எல்லாம் என்னைப் பார்த்து ஹாரன் அடித்தன. நான் சாலையின் நடுவில் நடந்திருக்கிறேன்.

ஒரு மனிதரைச் சுட்டுவிட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். அவர் சொல்லித்தான் சுட்டேன். ஒரு பலகைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு "அடி, அடுத்தது அடி" என்று அவர் கத்தக் கத்தச் சுட்டேன். அவருடைய இடது கண் இருக்கிறதா, போய்விட்டதா என்று எனக்குத் தெரியாது. ஜீப்பில் ஏற்றியபோது முகத்தின் அந்தப் பக்கம் முழுவதையும் துண்டால் மூடியிருந்தார்கள். துண்டின் பச்சைக் கட்டம் தெரியாத அளவுக்கு நனைந்திருந்தது.

கை சும்மாதான் இருந்தது. வாய்தான் திறந்தபடியே இருந்தது. மூட வேண்டும் என்று தோன்றவே இல்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். போர்வெல் லாரியில் போயிருக்கிறேன், ஓசூர்ப் பக்கம் கல் ஏற்றியிருக்கிறேன், மேட்டூரில் வலை இழுத்திருக்கிறேன். ஓரிடத்தில் ஆறு மாதம் இருந்தால் அதிகம். ஏற்காட்டுக்கு ஒரு கல்யாணத்துக்கு நாற்காலி ஏற்றி வந்த லாரியில் வந்தேன். இறக்கி முடித்ததும் லாரிக்காரன் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டான். குளிராக இருந்தது, பசித்தது. ஏரியைத் தாண்டி, கார்களை நிறுத்திப் பள்ளத்தாக்கைப் பார்க்கும் இடத்தில் ஒரு பலூன் சுடும் கடை இருந்தது. "புதுத் துப்பாக்கி ஒண்ணு வருது, காத்து அடிக்க ஆள் வேணும், தோளு கெட்டியா இருக்கோணும்" என்றார் கடைக்காரர். சேர்ந்துவிட்டேன்.

கடைக்காரர் முன்பு ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவர். வேலையை விட்ட பிறகும் ஊரே அவரை ரைட்டர் என்றுதான் கூப்பிட்டது. மனைவி இறந்துவிட்டார். ஒரே மகள் சென்னையில் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வெள்ளைச் சட்டையோடே கடைக்கு வருவார். அன்றைக்குத்தான் கூட்டமும் அதிகம்.

கடையில் இன்னொருவர், பக்கத்து ஊரான செம்மநத்தத்திலிருந்து வரும் அக்கா. பலூன் கட்டுவது அவர் வேலை. அவர்களுக்குக் கொஞ்சம் காப்பிச் செடியும் ஆரஞ்சு மரமும் உண்டு. "குரங்கு தின்னது போக மிச்சம் எங்களுக்குங்க" என்பார். காலையில் ஜீப்பில் தொற்றிக்கொண்டு வருவார்.

மற்ற ஊர்ப் பலூன் கடைகளில் பலூன் கட்டுகிறவர் முன்பக்கம் வந்து கட்டுவார்; அதுவரை சுடுவது நிற்கும். ரைட்டருக்கு அது பிடிக்கவில்லை. டூரிஸ்ட் பஸ் வந்து நின்றால் ஐம்பது பேர் வரிசையில் நிற்பார்கள். அதனால் அவரே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். பிளைவுட் பலகையில் வரிசை வரிசையாக ஓட்டை போட்டிருந்தார். அக்கா பலகைக்குப் பின்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருப்பார். ஊதாத பலூனை ஓட்டை வழியாக முன்பக்கம் தள்ளி, பின்பக்கத்திலிருந்தே வாயால் ஊதி, கழுத்தை முடிந்து ஆணியில் சுற்றிவிடுவார். முன்னால் நிற்பவர்களுக்குப் பலூன் தானாக முளைத்து வளர்வதுபோலத் தெரியும். குழந்தைகள் அதற்கே கைதட்டும். ஊதும்போது மட்டும் பலகையில் இரண்டு தட்டுத் தட்டுவார். இரண்டு தட்டு கேட்டால் துப்பாக்கியை இறக்கிவிட வேண்டும். மற்ற நேரம் ஓட்டையைத் தடித்த தகர மூடியால் மூடிவிடுவார், சுடுவது நடந்துகொண்டே இருக்கும். அவருக்கும் குண்டுக்கும் நடுவே கால் அங்குல பிளைவுட்டும் ஒரு பழைய பஞ்சு மெத்தையும் இருந்தன. பழைய துப்பாக்கிகளுக்கு அது போதும்.

பழைய துப்பாக்கி மடக்கி நிமிர்த்தும் வகை. பெண்களாலும் குழந்தைகளாலும் மடக்க முடியாது. ஒவ்வொரு தடவையும் நாம் மடக்கிக் கொடுக்க வேண்டும். அதனால் ரைட்டர் யாரிடமோ காற்றுப் பாட்டில் வைத்த துப்பாக்கி ஒன்றை செகண்ட் ஹேண்டாக வாங்கினார். குழலுக்குக் கீழே தண்ணீர் பாட்டில் அளவுக்கு ஒரு கறுப்புப் பாட்டில். அதில் காற்றை அடைத்துவிட்டால் ஒரு சின்னப் பிடியை இழுத்துவிட்டுச் சுட்டுக்கொண்டே இருக்கலாம். கூடவே ஒரு சின்னப் பாட்டிலும் கொடுத்திருந்தார்கள். சின்னதை நிரப்புவது சுலபம், ஆனால் ஒரு குடும்பம் சுட்டு முடிப்பதற்குள் தீர்ந்துவிடும். பெரியதில் பஸ் கூட்டமே சுடலாம், ஆனால் அதை நிரப்ப நான் சாக வேண்டும். சைக்கிள் பம்பு மாதிரி நிற்கும் பம்பு அது. கடைசியில் கையால் அழுத்தினால் இறங்காது. மேலே ஏறிப் படுத்து உடம்பு எடையைப் போட வேண்டும். கொஞ்சம் அடித்து, பம்பு சூடு ஆறும்வரை நின்று, மறுபடி அடிக்க வேண்டும். எனக்கு அது பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை. கல் ஏற்றுவதைவிட மேல்.

மீட்டரில் பச்சைக் கோடு இருநூறோடு முடிந்தது. அதற்கு மேல் சிவப்பு. ரைட்டர் சிவப்புக்குள் போகச் சொன்னார்.

"இருநூத்தி அம்பது வெச்சுடு கண்ணு. எச்சாக் காத்து இருந்தா எச்சாப் பலூன் ஒடையும்."

"செவப்புல போவுதுங்களே."

"செவப்பு போட்டவன் ஏற்காட்டுல கடை வெச்சிருக்கானா?"

லாரி டயரில் இருப்பதைப்போல முப்பது மடங்கு அழுத்தம் அது. அத்தனையையும் இரண்டு காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு அடித்தேன். வெடித்தால் என்ன ஆகும் என்றுகூட யோசித்தேன். வேறொன்றை நான் யோசிக்கவில்லை, யாருமே யோசிக்கவில்லை.

பல மாதம் கழித்து, ஏர் கன் பழுதுபார்க்கும் ஒருவர் எனக்கு அதைப் பிரித்துக் காட்டினார். உள்ளே ஒரு சின்ன சுத்தி இருக்கிறது. விசையை இழுத்தால் அது போய் ஒரு வால்வைத் தட்டும். வால்வு திறந்து கொஞ்சம் காற்று வெளியே வந்து குண்டைத் தள்ளும். பாட்டிலில் காற்று அளவுக்கு மீறி இருந்தால் அந்த அழுத்தமே வால்வை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சுத்தி தட்டினாலும் வால்வு சரியாகத் திறக்காது. குண்டு மந்தமாகப் போகும். சுடச் சுட அழுத்தம் குறையும், வால்வு நன்றாகத் திறக்கும், குண்டு வேகமெடுக்கும். காற்று இன்னும் தீர்ந்த பிறகுதான் மறுபடி மந்தமாகும். ஆக, நிறைந்த பாட்டிலைவிடக் கொஞ்சம் காலியான பாட்டில்தான் ஆளைக் கொல்லும்.

எங்களுக்கு இது தெரியாது. துப்பாக்கி வந்த அன்றைக்கே பலகை தாங்குமா என்று சோதித்தோம். பாட்டில் நிறைய இருந்தால்தான் வலு அதிகம் என்று நினைத்து, முழுசாக நிரப்பிச் சுட்டோம். குண்டு பலகையில் ஒரு பள்ளம் போட்டுவிட்டுக் கீழே விழுந்தது. அக்கா அதைப் பொறுக்கி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க ரைட்டரே, இதுக்குப் பழைய துப்பாக்கியே தேவலைங்களே. இது பலூனையாச்சும் ஒடைக்குமுங்களா?"

உடைத்தது. பலூனுக்கு அந்த வலு போதும். மலைப் பனியில் ஊறி நாற்றமடித்து எறும்பு பிடித்திருந்த மெத்தையை, இனி எதற்கு என்று அன்றைக்கே தூக்கிப் போட்டோம்.

நான் செருப்பில்லாமல் இறங்கிய அந்த நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்தே கூட்டம். உச்சிப்பொழுதுக்கு முன்னால் ஒரு கல்லூரிப் பஸ் வந்து நின்றது. பையன்கள் வரிசையாகச் சுட்டார்கள். ஒருவன் குறி தவறி வெறும் பலகையில் அடித்தான். பின்னாலிருந்து அக்கா "ஐயோ" என்றார். சத்தமாகக்கூட இல்லை, ஏதோ மறந்துபோனது ஞாபகம் வந்தவர் மாதிரி.

நான் பின்னால் ஓடினேன். அவர் இரண்டு கையாலும் கொண்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். கொண்டையை அவிழ்த்தபோது நசுங்கிய ஈயக்குண்டு ஒன்று தோளில் விழுந்து தரையில் உருண்டது. நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நான்கு விரல் கீழே வந்திருந்தால் நெற்றி.

ரைட்டர் வந்து பார்த்தார். பலகையில் பழைய ஆணித் துளைகள் நிறைய இருந்ததால் குண்டு வந்த துளை எது என்று தெரியவில்லை. முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் ஒத்துக்கொள்ளவில்லை.

"மூடியச் சாத்த மறந்திருப்ப அம்மிணி. ஓட்டை வழியா வந்திருக்கும்."

"எல்லா மூடியும் சாத்தித்தானுங்க இருக்குது. நீங்களே பாருங்க."

"பலகையத் தாண்டி வராது. நாமதான சுட்டுப் பாத்தோம்?"

"அப்ப என் கொண்டையில இருந்தது பேனுங்களா?"

கல்லூரிப் பையன்கள் சிரித்தார்கள். ரைட்டருக்கு அது சுட்டுவிட்டது. அவர் கெட்டவர் அல்ல. காய்ச்சல் வந்தால் எனக்கு மிளகு ரசம் வைத்துக் கொடுத்தவர். தான் போட்ட பலகையின் பின்னால் ஒரு பெண்ணை ஆபத்தில் உட்கார வைத்திருக்கிறோம் என்பதை அவரால் நம்ப முடியவில்லை, அவ்வளவுதான். அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "நான் இனி அங்க ஒக்காரமாட்டேனுங்க. ஊட்டுல ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்குது" என்றார்.

"நீ ஒக்கார வேண்டாம். நான் ஒக்காந்து காட்டறேன்" என்றார் ரைட்டர். என் பக்கம் திரும்பினார். "ஃபுல்லா அடி கண்ணு. ஒரு புள்ளி கொறையக் கூடாது."

அடித்தேன். எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒரு பையன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். முள் இருநூற்றைம்பதில் நின்றது. ரைட்டர் சர்ச்சுக்குப் போட்டுப் போகும் அந்த வெள்ளைச் சட்டையோடு பலகைக்குப் பின்னால் போய் முக்காலியில் உட்கார்ந்தார். எல்லாத் தகர மூடியும் சாத்தியிருக்கிறதா என்று அக்காவே ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

"நீயே சுடு" என்றார் உள்ளேயிருந்து. "வேற எவனும் தொட வேண்டாம்."

நான் அவருக்குத் தள்ளி, மேல் மூலையில் சுட்டேன். பள்ளம் விழுந்தது. குண்டு கீழே விழுந்தது.

"எங்க அடிக்கற? எம் பக்கம் அடி! அம்மிணிக்குத் தெரியட்டும்!"

"வேண்டாமுங்க ரைட்டரே" என்றார் அக்கா. "தெரிஞ்சுபோச்சுங்க, எந்திரிச்சு வாங்க."

"அடிடா!"

அவர் பக்கம் அடித்தேன். பள்ளம். இன்னொன்று. பள்ளம். "ஒண்ணும் ஆகல!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பையன்கள் கைதட்டினார்கள். ஒவ்வொன்றுக்கும் அவர் ஏதாவது சொன்னார். "கொசு கடிச்ச மாதிரிகூட இல்ல." "கண்ணு, தூங்கறயா?" கூட்டம் சிரித்தது. அக்காகூடக் கடைசியில் சிரித்துவிட்டார். "இந்த மனுசன் கல்லுளிமங்கனுங்க" என்று பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணிடம் சொன்னார். எனக்கும் பயம் போய்விட்டது. ஒரு பிடி குண்டை வாயில் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுச் சுட்டேன்.

சத்தம் மாறியது எனக்குத் தெரிந்தது. முதலில் யாரோ எச்சில் துப்புவது மாதிரி வந்த சத்தம், கொஞ்ச நேரத்தில் கட்டையில் சுத்தி விழுவது மாதிரி ஆயிற்று. மீட்டரைப் பார்த்தேன். முள் சிவப்பிலிருந்து வெளியே வந்து பச்சைக்குள் நன்றாக இறங்கியிருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. காற்று குறைந்துவிட்டது, இனி ஆபத்தே இல்லை என்று நினைத்தேன்.

அடுத்ததைச் சுட்டேன்.

குரல் வரவில்லை. "ரைட்டரே?" என்றேன். கூட்டம் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. பிறகு பலகையில் இரண்டு தட்டு கேட்டது. மெதுவாக, ஒன்று, இன்னொன்று. பேச முடியாதவர் சுடுவதை நிறுத்தச் சொல்கிறார்.

பலகையில் நான் அவர் பக்கம் அடித்த பள்ளங்களுக்கு நடுவே ஒன்றில் மட்டும் வெளிச்சம் தெரிந்தது. ஊசி குத்தின அளவு. பின்பக்கத்து வானம் அதில் தெரிந்தது.

அக்காதான் முதலில் ஓடினார். நான் போனபோது ரைட்டர் முக்காலியிலிருந்து சரியாமல் நேராகவே உட்கார்ந்திருந்தார். கன்னத்தை உள்ளங்கையால் பொத்தியிருந்தார். விரல்களுக்கு நடுவில் ரத்தம் இறங்கி வெள்ளைச் சட்டையில் சொட்டியது. கண்ணைத் திறக்கவில்லை. வலிக்கிறது என்று சொல்லவில்லை. "வந்திருச்சு" என்று மட்டும் சொன்னார். பலகையைத் தாண்டி வந்துவிட்டது என்று சொல்கிறார். ஒரு அதிசயத்தைச் சொல்வதுபோல இருந்தது.

நல்லவேளை, ஜீப் ஒன்று கிடைத்தது. அக்கா பின்சீட்டில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் வைத்துத் துண்டை அழுத்திப் பிடித்தார். நான் ஏறப் போனேன். இடமில்லை என்றார்கள். ஜீப் போய்விட்டது. வாயில் இன்னும் குண்டு இருந்தது. துப்பினேன். போன் வைத்திருந்த பையன் "அண்ணா, எல்லாம் வீடியோவுல இருக்கு" என்றான். எனக்கு நல்லதாகச் சொன்னானா, கெட்டதாகச் சொன்னானா என்று புரியவில்லை. யாரோ போலீஸ் என்றார்கள். துப்பாக்கியைப் பலகை மேல் சாய்த்து வைத்துவிட்டு நடந்தேன். சேலம் ரோட்டில் போனால் ஜீப் போன வழி. அந்த வழியில் போகக் கால் வரவில்லை. குப்பனூர்ப் பக்கம் திரும்பிவிட்டேன்.

இப்படி நடந்து போவது எனக்குப் புதிதல்ல. வேலை முடிந்தால் நடப்பேன், சண்டை வந்தால் நடப்பேன். அடுத்த ஊர் வந்ததும் முந்தைய ஊர் மறந்துவிடும். இந்தத் தடவை மறக்கவில்லை. அவருக்குக் கண் இருக்கிறதா என்பது மட்டும் ஒவ்வொரு வளைவிலும் முன்னால் வந்து நின்றது. குப்பனூரில் டீக்கடைப் பெஞ்சில் படுத்தேன். கடைக்காரர் ஒரு சாக்கைக் கொடுத்தார். விடிந்ததும் முதல் பஸ்ஸில் சேலம் போனேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் விசாரித்து விசாரித்து ஆண்கள் வார்டைக் கண்டுபிடித்தேன். வராந்தாவில் அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சேலையில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தார். அடிப்பார் என்று நினைத்தேன்.

"எங்க போனீங்க சாமி? எல்லாப் பக்கமும் தேடச் சொன்னோமுங்க."

"அவரு கண்ணு?"

"கண்ணுக்குக் கீழ எலும்புல மாட்டியிருந்துச்சுங்க. எடுத்துட்டாங்க. கண்ணு இருக்குது. பார்வை வீக்கம் வடிஞ்சாத்தான் தெரியுமாம்." மூக்கை உறிஞ்சினார். "போலீஸு வந்து கேட்டாங்க. நாந்தான் சுடச் சொன்னேன்னு அவரே சொல்லிட்டாருங்க. நீங்க உள்ள போங்க. உங்களத்தான் கேட்டுட்டே இருக்காரு."

உள்ளே போனேன். பாதி முகம் கட்டுக்குள் இருந்தது. மற்றக் கண் என்னைப் பார்த்தது.

"கண்ணு, அப்ப முள்ளு எங்க இருந்துச்சு?"

"நூத்தி எழுபதுக்குப் பக்கத்துலங்க."

"எறங்குனதுக்கு அப்பறமா வந்துச்சு?"

"ஆமாங்க. நல்லா எறங்குனதுக்கு அப்பறந்தான்."

நிறைந்த பாட்டில் தாங்கிய பலகையைக் குறைந்த பாட்டில் துளைத்தது ஏன் என்று எங்கள் இருவருக்குமே அப்போது தெரியாது. ஆனால் காற்று இறங்கிய பிறகுதான் ஆபத்து என்பது இருவருக்கும் புரிந்தது. பிறகு கதவோரம் நின்ற அக்காவைப் பார்த்தார்.

"துப்பாக்கி வந்ததுல இருந்து தெனமும் பாட்டில் எறங்கித்தான இருக்கும்? நீ அங்கயேவா அம்மிணி ஒக்காந்திருந்த?"

"வேற எங்கங்க ஒக்காருவேன்?"

அவருடைய அந்த ஒற்றைக் கண் மூடிக்கொண்டது. உதடு கோணியது. வலியினால் என்றுதான் நர்ஸ் நினைத்து ஊசி போட வந்தார்.

நர்ஸ் எங்களை வெளியே போகச் சொன்னார். ஆண்கள் வார்டில் ராத்திரி பெண்கள் தங்கக் கூடாது என்பதால் அக்கா வராந்தாவிலேயே கிடந்திருக்கிறார். மகள் சென்னையிலிருந்து கிளம்பிவிட்டாள், ஆனால் அவளும் ராத்திரி உள்ளே இருக்க முடியாது. ஆண் துணை ஒருவர் வேண்டும் என்று நர்ஸ் மூன்றாவது முறையாகச் சொல்லிவிட்டுப் போனார். அக்கா தன் போனில் மகளைப் பிடித்து என்னிடம் நீட்டினார். ரயில் சத்தம் கேட்டது.

"நீங்க யாருங்க?" என்றாள்.

"கடையில காத்து அடிக்கிறவன்ங்க." அதோடு நிறுத்தியிருக்கலாம். "நான்தான் சுட்டேன்."

"அப்பா சொன்னாரு" என்றாள். குரல் உடைந்திருந்தது. "அவர் வீட்டுக்குப் போற வரைக்கும் கூட இருக்க முடியுங்களா? நாள் கூலி குடுத்துடறேன். அவருக்கு எழுந்து நடக்கத் தலை சுத்துதாம்."

அப்பனைச் சுட்டவனிடம் அப்பனை ஒப்படைக்கிறாள். சரிங்க என்றேன்.

அக்கா ஒரு பிளாஸ்டிக் வாளி, ஒரு டம்ளர், ரைட்டரின் மாற்றுச் சட்டை மூன்றையும் என் கையில் கொடுத்துவிட்டுச் செம்மநத்தம் போகப் புறப்பட்டார். நான் உள்ளே போனேன். ரைட்டர் முழங்கையை ஊன்றி எழப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையை எடுத்து என் தோளில் போட்டு, கழிப்பறைக்கு அழைத்துக்கொண்டு போனேன்.